முட்டிடிச்சான் பாறைத் தண்ணீர்

திருத்தலங்களுக்குப் போகும்போது பெரும்பாலும் ஒரு விண்ணப்பத்தோடுதான் போகிறோம். பிள்ளைக்கு வேலை, மகளுக்கு வரன், அம்மாவின் மூட்டுவலி. நானும் அப்படிப் போகிறவள்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, கேளுங்கள் என்று சொன்னவரே ஆண்டவர்தானே. ஆனால் சென்ற பாஸ்கா இரவில் 42ஆம் திருப்பாடலைப் பாடும்போது எனக்கு மனசு கனத்துவிட்டது. கலைமான் நீரோடைக்குத் தவிப்பதுபோல் என் நெஞ்சம் உமக்காகத் தவிக்கிறது என்று வாய் பாடுகிறது. உள்ளே அந்தத் தவிப்பு இல்லை. செபமாலை, பூசை, ஒறுத்தல் என்று எதிலும் தவறவில்லை. எல்லாம் வரிசையாக நடக்கிறது, அவர்மேல் ஏக்கம் மட்டும் எங்கோ போய்விட்டது.

அந்த ஏக்கத்தைக் கேட்டு எங்கே போவது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் புனித தேவசகாயம், பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர். அவர் வாழ்க்கையே தாகத்தின் கதை. மே மாதம், வெயில் கொளுத்தும் நேரத்தில், மதினியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினேன்.

முதலில் வடக்கன்குளம். 1745 மே 14 அன்று நீலகண்டப் பிள்ளை என்ற அரண்மனை அலுவலர் இயேசு சபைக் குருவான புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். அப்போது அவருக்கு வயது 33. திருக்குடும்ப ஆலயத்தில் கொஞ்ச நேரம் முழந்தாளிட்டுவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறினோம். அங்கிருந்து தக்கலை போகும் வழியில் புலியூர்குறிச்சி.

ரோட்டை ஒட்டியே இருக்கிறது உதயகிரிக் கோட்டை. உள்ளே டிலனாயின் கல்லறையைப் பார்த்தோம். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. நீலகண்டன் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். வீட்டில் கஷ்டத்துக்குமேல் கஷ்டம் வந்து நீலகண்டன் நொந்துபோயிருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். எல்லாவற்றையும் இழந்த பின்னும் கடவுளையே கேட்டுக்கொண்டிருந்த ஒருவனை அவருக்குக் காட்டினார். நீலகண்டனுக்குள் தாகம் தொடங்கியது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

முட்டிடிச்சான் பாறையும் அதே ஊரில்தான், ஆலய வளாகத்துக்குள். 1749இல் அவரைக் கைது செய்த பிறகு எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்த்து வெயிலில் போட்டார்கள். குடிக்கக் கொடுத்தது தேங்கிக் கிடந்த அழுக்குத் தண்ணீர். இந்த இடத்துக்கு வந்தபோது நா வறண்டு, காவலர்களிடம் தண்ணீர் கேட்டும் கிடைக்காமல், பாறையில் முழந்தாளிட்டுச் செபித்து முழங்கை முட்டால் இடித்தாராம். தண்ணீர் வந்தது. பாறையில் இருக்கும் அந்தச் சின்னக் குழியைத்தான் இன்றைக்கும் மக்கள் தேடி வருகிறார்கள்.

நாங்கள் போனபோது ஒரு பாட்டி குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து சின்ன டம்ளரால் கோரிக்கொண்டிருந்தார். தரையில் தட்டிவிடாமல், அவசரப்படாமல், ஒவ்வொரு கோருக்கும் தண்ணீர் தெளியும்வரை காத்திருந்து பாட்டிலில் ஊற்றினார். நான் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“கைய நீட்டு மக்ளே. இத வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால நீ குடி.”

உள்ளங்கையில் ஊற்றினார். குடித்தேன். அந்த வெயிலிலும் குளிர்ச்சி இருந்தது.

“பாட்டி, அடிக்கடி வருவீங்களா?”

“வருவேன். அவரு என்ன கேட்டாரு பாத்தியா? தப்பிச்சுப் போவணும்னு கேக்கல்ல. தண்ணிதான் கேட்டாரு.”

சொல்லிவிட்டு மறுபடியும் கோர ஆரம்பித்துவிட்டார். நான் அந்த வார்த்தையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாறையையே பிளந்து தண்ணீர் தந்தவருக்கு ஒரு சங்கிலியை அறுப்பது பெரிய காரியமா? தந்தது ஒரு கை தண்ணீர். அதைக் குடித்துவிட்டு அவர் மறுபடியும் எருமைமேல் ஏறினார். அதற்குப் பிறகும் சிறை, அடி, வருடக்கணக்கில். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைத்திருக்கும். அவர் மறுதலிக்கவில்லை. உடம்பின் தாகத்தை ஆண்டவர் உடனே தணித்தார். தம்மேல் இருந்த தாகத்தையோ அவர் தணிக்கவே இல்லை, வளர்த்துக்கொண்டே போனார். நான் இவ்வளவு நாளும் செபத்தில் நிம்மதியைத்தான் தேடியிருக்கிறேன், நிம்மதி வந்ததும் அவரைத் தேடுவது குறைந்துபோகிறது. இதை யாரும் எனக்குப் பிரசங்கத்தில் சொல்லவில்லை, பாட்டி சொன்னார்.

திரும்பும் வழியில் கோட்டாறு. கேட்ட வரம் தரும் சவேரியார் என்று குமரி மாவட்டமே சொல்லும் பேராலயம். பீடத்தின் முன்னால் தேவசகாயத்தின் கல்லறை. மத்தியான நேரம் என்பதால் கூட்டம் குறைவு. ஒரு இளம்பெண் தன் வயிற்றில் ஒரு கையையும் கல்லறைமேல் ஒரு கையையும் வைத்து நின்றாள். வயிற்றில் துடிப்பு நின்றதாகச் சொல்லப்பட்ட குழந்தை பிழைத்த அற்புதம்தான் இவரைப் புனிதராக்கியது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். அவளுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

சாயங்காலம் ஆரல்வாய்மொழியில் இறங்கினோம். கணவாய்க் காற்று சேலையைப் பிடுங்குகிறது. தேவசகாயம் மவுண்டில் வியாகுல அன்னை ஆலயம், அதன் பக்கத்தில் காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று அவரை இங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். செபிக்கக் கொஞ்சம் நேரம் கேட்டு முழந்தாளிட்டார் என்று சொல்லி, முழங்கால், முழங்கை பதிந்த தடங்களைக் காட்டுகிறார்கள். மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் நிஜமாகவே வெண்கல ஒலி வருகிறது. மதினி மூன்று தடவை தட்டிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னாள்.

நான் பாறையில் முழந்தாளிட்டேன். கல்லில் இன்னும் சூடு இருந்தது. 42ஆம் திருப்பாடலைச் சொல்லத் தொடங்கினேன், இரண்டாவது வரியில் குரல் அடைத்தது. அழுகை என்று சொல்வதா தெரியவில்லை. ஆண்டவரே, நீர் எனக்கு வேண்டும் என்பது தவிர வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலுவையில் தாகமாயிருக்கிறது என்றவருக்கு அது புரியாமலா போகும்?

இறங்கும்போது மதினி கேட்டாள், “என்ன வேண்டிக்கிட்ட? ரொம்ப நேரமா இருந்தியே.”

“அவரையேதான் கேட்டேன் மதினி.”

“அப்போ அதோட பெரியவன் பரீட்சையையும் சேத்துக் கேட்டிருக்கலாம்ல?” என்றாள். மறுபடியும் ஏறிப்போய் அதையும் கேட்டுவிட்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநெல்வேலி பக்கமிருந்து வந்தால் நான் போன வரிசையே சுலபம், ஒரே நாளில் முடியும். ஜனவரி 14ஐ ஒட்டிப் போனால் கூட்டம் நிறைய, ஆனால் வெயில் குறைவு. கோடையில் போகிறவர்கள் காற்றாடிமலையைக் காலையிலோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்தில் பாறையில் கால் வைக்க முடியாது. முட்டிடிச்சான் பாறைக்கு மட்டும் நல்ல வெயிலில் போங்கள்.