காந்தத்தோடு திரிந்த நவம்பர்

நவம்பர் 3

எங்கள் கிளி ராசாத்தி இன்றைக்கும் தன் கூட்டைத் தானே திறந்துவிட்டது. மேலே தூக்கித் திறக்கிற கதவு அது. சொண்டால் தூக்கி, தலையை வெளியே நீட்டி, அப்படியே யோசித்துக்கொண்டு நிற்கிறது. பிடி நழுவினால் கதவு கழுத்தில்தான் விழும். அம்மா வீட்டில் இருந்தவரை ஒரு சீலைத்துண்டால் கட்டி வைப்பா. அந்த முடிச்சு எனக்கு வரவில்லை.

நவம்பர் 4

அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

நவம்பர் 6

புதுக் கூடு வாங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் நாலு கடை ஏறி இறங்கி, வட்டக் கூடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லி (உச்சியில் கம்பிகள் நெருங்கி வருகிற இடத்தில் விரல் மாட்டும், பயந்தால் ஒதுங்க ஒரு மூலையும் இருக்காது), கம்பி இடைவெளியை அடிமட்டம் வைத்து அளந்து, முக்கால் அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். கடைக்காரர் சிரித்தார். "கல்வனைஸ் தம்பி, கறள் பிடிக்காது, உங்க பிள்ளைக்கும் வரும்" என்றார். பளபளவென்றுதான் இருந்தது. அம்மாவிடம் போனில் படம் காட்டினேன். "வால் முட்டாதா மனே?" என்று மட்டும் கேட்டா.

நவம்பர் 7

வால் முட்டவில்லை.

நவம்பர் 11

நேற்றிலிருந்து இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் குந்தியிருக்கிறது. கொய்யாப்பழம் வைத்தது வைத்தபடி. தண்ணீர் மட்டும் குடிக்குது, குடிக்குது, எச்சம் பச்சைத் தண்ணீராகப் போகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. "ராசாத்தி கத்துதா?" என்று கேட்டா, கத்துது என்றேன்.

நவம்பர் 12

மிருக வைத்தியர் கிளியைத் தொடுவதற்கு முன்னமே கேட்டார், கூடு புதுசா என்று.

நாகமாம், துத்தநாகம். கல்வனைஸ் என்றாலே இரும்புக்கு மேலே நாகப் பூச்சு. கிளி கையில்லாத சாதி, சொண்டால் பிடித்துத்தான் ஏறும், அப்போது பூச்சில் திரண்டு நிற்கிற துளிகளையும் தூளையும் சுரண்டி விழுங்கிவிடும், அது இரத்தத்தில் ஏறும். ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய கூடுகள் இன்னும் மோசமாம். வினாகிரி போட்டுத் தும்பால் தேய்த்துக் கழுவினால் மேலே உள்ளது கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. ஊசி போட்டார். அடிமட்டத்தோடு அளந்து அளந்து நானே நஞ்சை வாங்கி வந்திருக்கிறேன். கறள் பிடிக்காது என்றதும் எவ்வளவு சந்தோசப்பட்டேன்.

திரும்பவும் பழைய கூடு, சீலைத்துண்டு, எனக்கு வராத முடிச்சு.

நவம்பர் 13

பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். இனி வாங்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடுதான், நல்லதென்றால் காந்தம் ஒட்டாது. அம்மாவின் கட்டில் கம்பியில் ஒட்டியது. சேலைன் கம்பத்தில் ஒட்டவில்லை. வார்டு நர்ஸ் மிஸ்ஸி பார்த்துவிட்டு என்ன தம்பி செய்றீங்க என்று கேட்டா. என்னத்தைச் சொல்ல.

நவம்பர் 15

கல்லடிப் பாலம் தாண்டி ஒரு வெல்டிங் கடை. அகலம் 30 அங்குலம், ஆழம் 24, உயரம் 36, கம்பி 3 மில்லிமீட்டர், முழுக்க ஸ்டெயின்லெஸ், பற்றவைக்கிற கம்பியும் அதிலேயே. 42 ஆயிரம் என்றார். கிளிக்கா என்று இரண்டு தரம் கேட்டார். ஒட்டாத எல்லாம் நல்லதுமில்லை, ஒட்டுகிற எல்லாம் கூடாததுமில்லை, ஸ்டெயின்லெஸ்ஸிலேயே காந்தம் ஒட்டுகிற ரகம் இருக்குது என்று வேறு சொல்லி, என் காந்தத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

முற்பணம் கொடுத்துவிட்டேன். காசு எதற்கு எடுத்து வைத்தது என்று இங்கே எழுத விருப்பமில்லை.

நவம்பர் 16

அரைக் கொய்யாப்பழம் தின்றது!!

நவம்பர் 19

எங்கே வைப்பது என்பது அடுத்த கரைச்சல். விறாந்தையில் போன மாரிக்கு ஒரு சாரை ஏறி வந்தது, பூனைகள் வேறு. குசினியில் வைக்கவே கூடாது. நொன்ஸ்டிக் தாச்சி அடுப்பில் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும், நமக்கு மணக்காமலும் இருக்கலாம். அப்புறம் மிஞ்சுவது அம்மாவின் அறை. ஒரு பக்கம் சுவர், யன்னல் வெளிச்சம், மழைச் சாரல் வராது. கட்டிலைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நகர்த்தவில்லை. வளவுக் கொய்யாவில் இரண்டு கிளை வெட்டிக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. ஒரே பருமன் தடியில் எந்நேரமும் நின்றால் பாதம் புண்ணாகும்.

கிளை இரண்டும் அம்மாவின் கட்டிலில்தான் கிடக்கிறது.

நவம்பர் 20

மழை. ஒப்பரேசன் தள்ளிப்போயிருக்கிறது.

நவம்பர் 23

மட்டக்களப்பில் 1978 சூறாவளி அடித்த நாள். ஒவ்வொரு வருசமும் அம்மா இன்றைக்கு அந்தக் கதையைத் தொடங்குவா, நாங்கள் நழுவிவிடுவோம். இன்று வார்டில் நானே கேட்டேன். இருட்டில் தாத்தா ஓடிப்போய்க் கோழிக்கூட்டைத் திறக்கப் பார்த்தாராம். கொண்டி இறுகிக் கிடந்ததாம். விடிய, கூட்டுக்கு மேலே தென்னை. கதையை அதோடு நிறுத்திவிட்டு, "பேத்தியார் வளத்த முருங்கையும் போச்சு" என்று பாட்டியின் மரத்துக்குத் தாவி வேறு எங்கோ போய்விட்டா.

பாலத்தில் நின்றே வெல்டிங் அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். பூட்டு வேண்டாம், கிளி சொண்டால் திறக்க முடியாத, ஆனால் நான் இருட்டில் ஒற்றைக் கையால் திறக்கக்கூடிய ஸ்பிரிங் கொக்கி வேண்டும் என்றேன். முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி என்றார்.

ராசா என்று பெயர் வைத்து, மூன்று வயது தாண்டியும் கழுத்தில் வளையம் வராததால் ராசாத்தி ஆக்கினது அம்மாதான். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் தெரியவில்லை.

நவம்பர் 25

கட்டிலை நகர்த்திவிட்டேன். ஒரு முழம்தான்.

நவம்பர் 26

கூடு வந்துவிட்டது. நாலு பக்கமும் தட்டும் காந்தம் ஒட்டவில்லை, கொக்கியில் டக்கென்று ஒட்டியது. கடையில் வாங்கிப் பூட்டினதாம். நாளைக்கு ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும், அதற்கு முன் கடை திறக்காது.