ஷெல் ஸ்கிரிப்டை டெப்ளாய்மென்ட் வழியாகப் படியுங்கள்: ஆர்எச்சிஎஸ்ஏ தயாரிப்பு அனுபவம்

ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏவுக்குப் படிக்கிற பலர், கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாடத்திட்டத்தில் அது சின்ன இடம்தான் பிடிக்கிறது: நிபந்தனை பார்த்துக் கட்டளையை ஓட்டுவது, ஃபார் லூப், ஸ்கிரிப்டுக்குத் தரும் உள்ளீடுகளைக் கையாள்வது, ஒரு கட்டளையின் வெளியீட்டை எடுத்துப் பயன்படுத்துவது. நான் இந்தப் பகுதியைத்தான் முதலில் எடுத்தேன். ஒரு வெப் அப்ளிகேஷனைச் சர்வரில் ஏற்றும் டெப்ளாய்மென்ட் வேலையையே பயிற்சிக் களமாக வைத்துக்கொண்டேன். யூசர் கணக்கு, ஃபைல் அனுமதி, சர்வீஸ், ஃபயர்வால், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு என்று தனித்தனியாகப் படிக்க வேண்டியதில் பாதிக்கு மேல் அந்த ஒரு வேலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. தயாராகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசையும் இதுதான்.

இந்தத் தேர்வில் கொள்குறி வினாக்கள் கிடையாது. நிஜ மெஷினில் வேலையைச் செய்து முடிக்க வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண், தேர்ச்சிக்கு 210. செய்த மாற்றங்கள் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருக்க வேண்டும். இணையம் இல்லை, ஆனால் மெஷினிலேயே இருக்கும் மேன் பக்கங்களை, அதாவது கட்டளைகளின் கையேட்டை, பார்க்கலாம். அதனால் படிக்கும்போதே தேடுபொறியை மூடிவிடுங்கள். 'ஹெல்ப் டெஸ்ட்' என்று அடித்தால் ஃபைல் இருக்கிறதா, டைரக்டரியா, ஸ்ட்ரிங் காலியா என்று பார்க்கும் குறிகள் எல்லாம் ஒரே இடத்தில் வரும். பாஷ் என்ற ஷெல்லின் மேன் பக்கம் மிக நீளம், அதைத் தலையிலிருந்து வாசிக்க முடியாது. சாய்கோடு போட்டுத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் மனப்பாடச் சுமை பெரிதும் குறையும்.

சரி, ஸ்கிரிப்டை எங்கிருந்து தொடங்குவது? எடிட்டரைத் திறப்பதற்கு முன் முழு வேலையையும் ஒரு முறை கையால் செய்யுங்கள். செய்த ஒவ்வொரு படியையும் தமிழிலேயே ஒரு வரியாக எழுதுங்கள்: இடம் இருக்கிறதா பார், புதிய பதிப்பை இறக்கு, அனுமதிகளைச் சரிசெய், கான்ஃபிகரேஷனைச் சோதி, புதிய பதிப்புக்கு மாறு, சர்வீஸை ரீலோட் செய், பதில் வருகிறதா பார், வராவிட்டால் பழையதற்குத் திரும்பு. இந்த வரி ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன், அதாவது பெயரிட்ட ஒரு கட்டளைத் தொகுப்பு. ஃபைலின் அடியில் 'மெயின்' என்று ஒரு ஃபங்ஷன் வைத்து, மற்றவற்றை இதே வரிசையில் அழையுங்கள். அந்த எட்டு வரியைப் படித்தாலே ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று புதிதாக வருகிறவருக்கும் விளங்கிவிடும். விவரம் தேவைப்பட்டால்தான் அவர் மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

படிக்க முடிகிற ஸ்கிரிப்ட் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டெப்ளாய்மென்ட் ஸ்கிரிப்டை நிதானமாக யாரும் படிப்பதில்லை. அது பாதியில் நின்றபோது, சேவை முடங்கியிருக்கும்போது, எழுதியவர் அருகில் இல்லாதபோதுதான் திறந்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஒற்றை எழுத்து வேரியபிள்களும், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பை ஐந்து முறை போட்டு ஒரே வரியில் அடைத்த சாமர்த்தியமும் யாருக்கும் உதவாது. கட்டளையோடு சேர்க்கும் குறிகளிலும் நீளமான வடிவத்தையே ஸ்கிரிப்டில் எழுதுங்கள். டெர்மினலில் சுருக்கமாக அடிப்பது வேறு, இன்னொருவர் படிக்க எழுதி வைப்பது வேறு. கமென்ட்டில் 'இங்கே காப்பி செய்கிறோம்' என்று எழுதத் தேவையில்லை, அது கட்டளையிலேயே தெரிகிறது. ஏன் அந்தப் படி, ஏன் அந்த இடத்தில் என்பதைத்தான் எழுத வேண்டும்.

இனி, அதிக நேரம் செலவழித்துப் படிக்க வேண்டிய பகுதி: தோல்வி.

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் வெற்றி. 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. பாஷ் இயல்பாக இந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். டைரக்டரி மாறும் கட்டளை தோற்றாலும், அடுத்த வரியில் உள்ள அழிக்கும் கட்டளை நிற்கிற இடத்திலேயே ஓடும். இதைத் தடுக்கத்தான் ஸ்கிரிப்டின் தலையில் 'செட் மைனஸ் ஈ', 'மைனஸ் யூ', 'பைப்ஃபெயில்' மூன்றையும் போடச் சொல்கிறார்கள். முதலாவது, கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும். இரண்டாவது, வரையறுக்காத வேரியபிளைப் பிழையாக்கும். மூன்றாவது, பைப்பின் நடுவில் நடந்த தோல்வியை மறைக்காமல் வெளியே கொண்டுவரும்.

போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனைக்குள் அழைத்தால், அந்த ஃபங்ஷன் முழுவதும் 'மைனஸ் ஈ' வேலை செய்யாது. 'லோக்கல்' என்று அறிவிக்கிற அதே வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டை வாங்கினால், அந்தக் கட்டளை தோற்றது தெரியவே தெரியாது, ஏனென்றால் 'லோக்கல்' வெற்றி பெற்றுவிடுகிறது. அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பை அடுத்த வரியிலும் எழுதினால் இது தீரும். இந்த இரண்டையும் படித்ததோடு விடாமல், சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கண்ணால் பாருங்கள். அப்போதுதான் மனதில் நிற்கும்.

காலியான வேரியபிள் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2015 ஜனவரியில் வெளியே தெரிந்த ஒரு நிகழ்வு இருக்கிறது. லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்டில், ஒரு டைரக்டரியின் பெயரை வேரியபிளில் வைத்து, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் அழிக்கும் வரி இருந்தது. வேரியபிள் காலியானபோது அந்த வரி ரூட்டிலிருந்தே, அதாவது எல்லா டைரக்டரிகளுக்கும் மேலே உள்ள இடத்திலிருந்தே, அழிக்கத் தொடங்கியது. பயனர்களின் சொந்த ஃபைல்கள் போயின. 'மைனஸ் யூ' மட்டும் இருந்திருந்தால் இதைப் பிடித்திருக்காது, ஏனென்றால் அந்த வேரியபிள் வரையறுக்கப்பட்டுத்தான் இருந்தது, மதிப்புதான் காலி. அழிக்கும் வரிகளில் வேரியபிள் பெயரைச் சுருள் அடைப்புக்குள் எழுதி, பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்துவிடுங்கள். மதிப்பு காலி என்றால் அங்கேயே நின்றுவிடும். அப்புறம், வேரியபிள்களை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். ஷெல்செக் என்ற கருவி இதையெல்லாம் வரி எண்ணோடு காட்டித்தரும். அது சொல்லும் எஸ்சி2086, எஸ்சி2155 போன்ற எண்களை மேலோட்டமாகத் தாண்டாமல், ஒவ்வொன்றின் விளக்கத்தையும் படியுங்கள். எனக்கு அதுவே தனிப் பாடப்புத்தகமாக இருந்தது.

ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் மறுபடி ஓட்டலாமா என்பது அடுத்த கேள்வி. ஓட்ட முடிகிற மாதிரி எழுத வேண்டும். டைரக்டரி ஏற்கெனவே இருந்தால் பிழை தராத குறி, யூசர் இருந்தால் உருவாக்காமல் தாண்டும் நிபந்தனை, இப்படி ஒவ்வொரு படியும் இரண்டாம் முறை ஓடினாலும் அதே நிலையில் முடிய வேண்டும். பதிப்பு ஒவ்வொன்றையும் தனி டைரக்டரியில் வைத்து, 'கரன்ட்' என்ற சிம்பாலிக் லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் பெயர்) மட்டும் எது நடப்பில் இருக்கிறது என்று காட்டட்டும். லிங்க்கை மாற்றும்போது, புதியதை வேறு பெயரில் உருவாக்கி, 'எம்வி' கட்டளையைப் பெரிய டீ குறியோடு ஓட்டிப் பழையதன் மேல் பெயர்மாற்றினால் மாற்றம் ஒரே நொடிப்பில் நடக்கும். இடையில் லிங்க் இல்லாத நிலை வராது. ரோல்பேக் என்பது லிங்க்கை முந்தைய டைரக்டரிக்குத் திருப்புவது மட்டும்தான். தரவுத்தள மாற்றம் சேர்ந்திருந்தால் கதை வேறு, அதைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

பல சர்வர் இருக்கும்போது லூப்பின் அருமை தெரியும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கேப்பிட்டல் நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது, அதில் பழைய கோட் உயிர்பெற்றுவிட்டது. ஏற்றுவதோடு நிறுத்தாமல், ஏற்றியபின் ஒவ்வொரு சர்வரிடமும் 'உன்னிடம் எந்தப் பதிப்பு?' என்று கேட்டு ஒப்பிடும் ஃபங்ஷன் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சர்வர் பட்டியலை 'வைல் ரீட்' லூப்பில் வாசித்து, தொலைவிலுள்ள சர்வரில் கட்டளை ஓட்ட உதவும் எஸ்எஸ்எச்சை உள்ளே அழைத்தால், முதல் சர்வரோடு லூப் முடிந்துவிடலாம். பட்டியலின் மீதியை எஸ்எஸ்எச் தன் உள்ளீடாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். 'மைனஸ் என்' குறி போட்டால் சரியாகிவிடும்.

வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் ரீலோட் செய்யும் முன் 'மைனஸ் டீ' போட்டுக் கான்ஃபிகரேஷனைச் சோதியுங்கள். இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளை கொண்டு சர்வரின் நலம் பார்க்கும்போது 'ஃபெயில்' குறியைச் சேருங்கள். அது இல்லாமல் சர்வர் 500 என்று பிழைப் பதில் சொன்னாலும் கர்ல் வெற்றி என்றே முடியும். குறி இருந்தால் 22 என்ற எண்ணோடு தோற்கும்.

பயிற்சிக்கு ஒரு விர்ச்சுவல் மெஷினும் ஸ்னாப்ஷாட்டும் போதும். ஸ்கிரிப்ட் சரியாக ஓடிய பிறகு வேண்டுமென்றே கெடுங்கள்: டிஸ்கை நிரப்புங்கள், அனுமதியைப் பறியுங்கள், சர்வீஸின் பெயரை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் எந்த இடத்தில் நிற்கிறது, என்ன செய்தி சொல்கிறது என்று பாருங்கள். செய்தியைப் படித்தவுடன் அடுத்து என்ன செய்வது என்று தெரியாவிட்டால் செய்தியைத் திருத்துங்கள். முடிந்தால் உடன் படிக்கிற ஒருவரிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல், அவர் என்ன புரிந்துகொள்கிறார் என்று கேளுங்கள். அவர் தயங்குகிற வரி எதுவோ, மாற்ற வேண்டிய வரி அதுதான்.

சர்வர்கள் பெருகி, ஸ்கிரிப்டில் நிபந்தனைக்குள் நிபந்தனை வரத் தொடங்கினால், பல சர்வர்களைத் தானியக்கமாக நிர்வகிக்கும் கருவியான ஆன்சிபிளுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது. அடுத்த படியான ஆர்எச்சிஇ தேர்வு முழுக்க ஆன்சிபிளைச் சுற்றித்தான் இருக்கிறது. முதலில் தமிழில் எழுதி வைத்த அந்த எட்டு வரிகளை அப்படியே பிளேபுக்கின் (ஆன்சிபிளுக்குத் தரும் வேலைப் பட்டியல்) டாஸ்க் பெயர்களாக வைத்துத் தொடங்கலாம்.