தம்பி மகள்: சிங்கப்பூர், ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 7, செவ்வாய்

தம்பி இரவு பத்தரைக்கு வந்தான். பாப்பாவைப் பார்த்து ஐந்து வாரம் ஆகிறதாம். அவள் அம்மா போனை எடுப்பதே இல்லையாம். "தாலி கட்டாதவனுக்குக் கோர்ட்டுல என்னடா பேச்சு?" என்றார் அம்மா. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, நானும் அதையேதான் நினைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தமிழ் வழக்கறிஞரம்மா. முதலில் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இது தானா ஏறாது தம்பி. கல்யாணம் ஆகலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டாத்தான் போடுவாங்க" என்றார். அப்படியென்றால் அன்றைக்கு அவளும் சம்மதித்திருக்கிறாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

விவாகரத்து வழக்கென்றால் பிள்ளை விஷயமும் அதனோடு சேர்ந்தே போகும். இவனுக்கு அந்த வழி இல்லை. ஆனால் 1934ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி பெற்றவர் என்ற முறையில் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பிள்ளையின் நலன்தான் அங்கே முதல் கேள்வி. 21 வயது முடியாதவரெல்லாம் அந்தச் சட்டத்துக்குக் குழந்தைகள்தாம். தேசிய சேவையில் துப்பாக்கி தூக்கும் என் மகனும் பாப்பாதான்!

"அவ கண்ணுல காட்டுற வரைக்கும் பாப்பா செலவுக்குக் குடுக்குற பணத்தை நிறுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டான் இவன். வழக்கறிஞரம்மா முகம் மாறிவிட்டது. மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின் 68ஆம் பிரிவில், கல்யாணத்தில் பிறந்த பிள்ளை, பிறக்காத பிள்ளை என்ற பேதமே கிடையாதாம். பணம் வேறு, பார்ப்பது வேறு. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். எனக்குக் கொஞ்சம் திருப்தி.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. அம்மா தேக்காவில் வாங்கிய பட்டுப்பாவாடை அலமாரிக் கைப்பிடியில் தொங்குகிறது. மூன்று வயது அளவு. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

பேதமில்லை என்று ஒரு சட்டம் சொல்கிறது; சொத்து என்று வந்தால் இன்னொரு சட்டம் பேதம் பார்க்கிறது. உயில் எழுதாமல் தம்பி கண்ணை மூடினால் பாப்பாவுக்கு ஒரு காசு வராது. கணக்கில் வருவது கல்யாணத்தில் பிறந்த பிள்ளையோ, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையோதான். உயில் எழுதச் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா!" என்று அம்மா கத்தினார். பாயசம் குடித்து முடித்த பிறகு, "எவ்வளவுக்கா ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஏப்ரல் 25, சனி

வழக்கறிஞர் வைத்தாயிற்று. 'கஸ்டடி' என்றால் பிள்ளை யாரிடம் இருப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது பள்ளி, வைத்தியம், மதம் போன்ற பெரிய முடிவுகளுக்கானதாம். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதிலிருந்து, அதைப் பெரும்பாலும் இருவரிடமுமே விடுகிறார்கள். பிள்ளை தூங்கி எழும் வீடு எது என்பது தனிக் கேள்வி. தம்பி அதைக் கேட்கவில்லை. சனிக்கிழமைகள் போதும் என்கிறான்.

கோர்ட்டில் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமான அஃபிடவிட்டுக்கு நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனான். அவளைத் திட்டியதையெல்லாம் வழக்கறிஞர் அடித்துவிட்டார். மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரி: "என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள்."

அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இப்போது என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.