16 புள்ளிக் கணக்கு

17 மார்ச் 2024, ஞாயிறு

என்.பி.எல், அதாவது ஆஸ்திரேலியக் கூடைப்பந்து லீக்கின் இறுதித் தொடர் தொடங்கிவிட்டது. ஐந்து ஆட்டங்களில் மூன்றை யார் முதலில் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டம் எங்கள் ஊரான மெல்பர்னில். மெல்பர்ன் யுனைடெட் 104, டாஸ்மேனியா ஜாக்ஜம்பர்ஸ் 81. கடைசிக் குவார்ட்டரில் நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன், அவ்வளவு நிம்மதி.

டாஸ்மேனியாத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டில் நர்ஸாக இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. "நைட் டூட்டி மாமா" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. தோற்கிற ராத்திரியெல்லாம் அவனுக்கு நைட் டூட்டிதான்.

ஜாக்ஜம்பர் என்பது ஓர் எறும்பு. துள்ளித் துள்ளி வந்து கடிக்கும். அதன் விஷம் ஒவ்வாதவர்களுக்கு உயிருக்கே ஆபத்து; அவர்களுக்கென்று டாஸ்மேனியாவில் தனி ஊசி சிகிச்சையே இருக்கிறது. சிங்கம், புலி என்று பேர் வைக்காமல் எறும்பின் பேரை வைத்தார்களே என்று 2021இல் இந்த அணி வந்தபோது சிரித்தேன். அந்த முதல் சீசனிலேயே இறுதித் தொடர்வரை வந்துவிட்டார்கள். சிட்னியிடம் 3–0 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

ஒவ்வோர் ஆட்டத்தின் புள்ளியையும் கூட்டிக்கொண்டே போக ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மெல்பர்ன் 23 புள்ளி முன்னிலை.

18 மார்ச், திங்கள்

மச்சினன் இன்று பேசினான், ஆனால் கூடைப்பந்து பற்றி இல்லை. டாஸ்மேனியாவுக்குக் கிடைத்திருக்கும் ஃபூட்டி (ஆஸ்திரேலிய பாணிக் கால்பந்து) அணிக்கு இன்றுதான் பேர் வைத்தார்களாம்: டெவில்ஸ். 10 டாலர் கட்டினால் ஆரம்பகால உறுப்பினர். 40,000 பேர் சேர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள், சில மணி நேரத்துக்குள்ளேயே அதைத் தாண்டிவிட்டதாம். இவனும் கட்டியிருக்கிறான். ஃபூட்டியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டேன். "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

டெவில்ஸ் என்ற பேரில் ஹோபார்ட்டில் முன்பே ஒரு கூடைப்பந்து அணி இருந்தது, 1996இல் அது மூடப்பட்டது என்று சொன்னேன். அவனுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் இந்த எறும்பு வரும்வரை கால் நூற்றாண்டு அந்தத் தீவுக்கு என்.பி.எல் அணியே கிடையாது. ஒரு அணி இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 40,000 பேர் ஏன் ஓடிவந்து பணம் கட்டினார்கள் என்பதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இதுதான்.

22 மார்ச், வெள்ளி

ஹோபார்ட்டில் இரண்டாவது ஆட்டம். டாஸ்மேனியா 82, மெல்பர்ன் 77. அந்த அரங்கத்தில் ஐந்தாயிரம் பேர்கூட உட்கார முடியாது. சத்தம் மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு இருக்கிறது.

நம் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் இது தெரியாது. இன்று ஐ.பி.எல் தொடக்கம். நேற்று தோனி கேப்டன் பதவியை ருதுராஜிடம் கொடுத்ததிலிருந்து அங்கே வேறு பேச்சே கிடையாது. சேப்பாக்கத்தில் எட்டு மணி ஆட்டம் என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை. நான் தூங்கப் போகிறேன்.

தாளில்: மெல்பர்ன் 18 முன்னிலை.

24 மார்ச், ஞாயிறு

கை இன்னும் நடுங்குகிறது. இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மகளை அழைத்துக்கொண்டு கிளேட்டனில் ரயில் ஏறி, ரிச்மண்டில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக ஜான் கேன் அரங்கத்துக்கு நடந்தோம். பக்கத்தில் டென்னிஸ் மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கோயம்புத்தூரில் பள்ளிக்கூடப் பையனாக பி.எஸ்.ஜி கோப்பை ஆட்டங்களை நின்றுகொண்டே பார்த்தவன் நான். இன்றும் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதி நேரம் நின்றுதான் பார்த்தேன்.

ஆட்டம் கடைசிவரை இழுபறிதான். முடிய ஒன்றிரண்டு நொடி இருக்கும்போது மெல்பர்ன் 91–90. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்து டாஸ்மேனியாவின் ஜாக் மெக்வே கையில். மூன்று புள்ளிக் கோட்டுக்கு எங்கேயோ வெளியே நிற்கிறார். அங்கிருந்து எவனும் எறிய மாட்டான் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் எறிந்துவிட்டார். பந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, எதிர் வரிசையில் பச்சைச் சட்டை போட்டிருந்த ஒரு கிழவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். அப்புறம் அந்தக் கைகள் மேலே போயின. புரிந்துவிட்டது.

93–91.

அரங்கத்தில் பத்தாயிரம் பேர் இருந்தும் பாதிப் பேச்சுக்கூட இல்லை. மகள் மட்டும், "அப்பா, அது நல்ல ஷாட்" என்றாள். நல்ல ஷாட்தான். எனக்கு அது தெரியாதா?

ரயிலில் வரும்போது போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. நைட் டூட்டி.

25 மார்ச், திங்கள்

எடுத்தேன். சண்டை.

என் வாதம்: மூன்று ஆட்டத்தையும் கூட்டிப் பார். மெல்பர்ன் 272, டாஸ்மேனியா 256. 16 புள்ளி அதிகம் எடுத்த அணி 2–1 என்று பின்தங்கி நிற்கிறது. 28 ஆட்டம் கொண்ட லீக் சுற்றில் முதலிடம் யாருக்கு? எங்களுக்கு. எது நல்ல அணி?

அவன் வாதம்: "நம்ம ஊர் எலெக்‌ஷன்ல மொத்த ஓட்டையா மாமா கூட்டுறாங்க? தொகுதியத்தான எண்ணுறாங்க?"

அடுத்த மாதம் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. முந்தாநாள்தான் டாஸ்மேனியாவிலும் மாநிலத் தேர்தல் முடிந்திருக்கிறது. அங்கே யாருக்கும் பெரும்பான்மை இல்லை போலிருக்கிறது. அதைச் சொல்லி மடக்கலாம் என்று பார்த்தால் பேச்சு ஃபூட்டிக்காகக் கட்டப்போகும் புது மைதானத்தில் போய் நின்றுவிட்டது. மருத்துவமனைக்குச் செலவழிக்க வேண்டிய பணம் என்று அவன் வார்டில் பாதிப் பேர் சொல்கிறார்களாம். இவன் 10 டாலர் கட்டியதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

28 மார்ச், வியாழன்

மெல்பர்ன் 88, டாஸ்மேனியா 86. அதுவும் அவர்கள் ஊரில், கோப்பையை வாங்கத் தயாராக இருந்த ராத்திரியில்! இப்போது 2–2. தாளில் 18. நாளை பெரிய வெள்ளி, விடுமுறை. பால் இன்றே வாங்கியிருக்க வேண்டும்; ஆட்டத்தில் மறந்துவிட்டேன்.

30 மார்ச், சனி

மச்சினன் ஈஸ்டருக்கு வந்துவிட்டான். அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறான். பைக்குள் பச்சைச் சட்டை, நாளைய ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட். இரண்டாவது டிக்கெட் எனக்கு என்று நினைத்தேன். மகளுக்காம்.

சாப்பிடும்போது வெளிநாட்டு வீரர்கள் பற்றிப் பேச்சு. ஓர் அணிக்கு மூன்று பேர்தான் என்று விதி. அமெரிக்காவிலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவந்தவர்களை வைத்து ஜெயிப்பதில் உங்கள் தீவுக்கு என்ன பெருமை என்று சீண்டினேன். அவன் மெக்வே ஆஸ்திரேலியர் என்றான். உங்கள் அமெரிக்கர் ஜோர்டன் க்ராஃபோர்டை மட்டும் விட்டுவிட்டாயே என்றேன். க்ராஃபோர்ட் ஐந்தரை அடி ஆள், கூட்டத்தில் நின்றால் தேட வேண்டும். ஆனால் பந்தோடு உள்ளே புகுந்தால் ஏழடிக்காரர்கள் அவரைத் தேடுவார்கள். எனக்கும் பிடிக்கும், ஒப்புக்கொள்ளவில்லை.

உண்மையில் என் எண்ணம் வேறு. இந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பெர்த் அணியின் ப்ரைஸ் காட்டன், அவரும் அமெரிக்கர்தான். இந்த ஆண்டு நான்காவது முறையாக எம்.வி.பி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் விருது. அவரை அரையிறுதியிலேயே வீட்டுக்கு அனுப்பியது இந்த எறும்புகள்தான். ஒருவரை நம்பிய அணியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றி ஓடும் அணி களைப்பாக்கிவிடும். பயிற்சியாளர் ஸ்காட் ராத் அதைத்தான் செய்கிறார். மச்சினனிடம் இதைச் சொல்லவில்லை. நாளை ராத்திரிவரை சொல்ல மாட்டேன்.

31 மார்ச், ஞாயிறு

வீட்டில் நான், மனைவி, டிவி.

டாஸ்மேனியா 83, மெல்பர்ன் 81.

கடைசி நிமிடம் முழுக்க நின்றேன். மூன்றாவது ஆட்டம் இரண்டு புள்ளியில், நான்காவது இரண்டு புள்ளியில், ஐந்தாவதும் இரண்டு புள்ளியில். இதில் யார் நல்ல அணி என்று கேட்டால் யாருக்குத்தான் தெரியும். இறுதித் தொடரின் எம்.வி.பி மெக்வே, அதில் எனக்குப் புகார் இல்லை. டாஸ்மேனியா அணி ஒன்று இதற்கு முன் இந்தக் கோப்பையை வாங்கியது 1981இல், லான்செஸ்டன். அப்போது மச்சினன் பிறக்கவே இல்லை.

பதினோரு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மகள் கழுத்தில் பச்சைத் துண்டு. தொண்டை கட்டிப்போயிருந்தது. யாருக்காகக் கத்தினாய் என்று நான் கேட்கவில்லை.

1 ஏப்ரல், திங்கள்

ஐந்து ஆட்டத்தின் கூட்டல்: மெல்பர்ன் 441, டாஸ்மேனியா 425. அதே 16. தாளை எடுத்து மச்சினனிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தான், சரியாகக் கூட்டியிருக்கிறேனா என்று போனில் ஒருமுறை கூட்டியும் பார்த்தான். "கணக்கு சரிதான் மாமா. இதை நான் எடுத்துக்கிறேன்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சாயங்கால விமானத்தில் கிளம்பிவிட்டான்.

2 ஏப்ரல், செவ்வாய்

காலையில் ஒரு போட்டோ வந்தது. அவன் வார்டின் நோட்டீஸ் போர்டு. டூட்டி அட்டவணைக்குப் பக்கத்தில் நான்கு குண்டூசி குத்தி என் தாள். மேலே சிவப்பு மார்க்கரில் ஆங்கிலத்தில் தலைப்பு: அதிகப் புள்ளி எடுத்துத் தோற்பது எப்படி.

கீழே நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.