ஸ்பிட்ஃபயர் பானெட் வேலை: இடதுபக்கம் ஒருவழியாக உட்கார்ந்தது

என் பழைய வண்டியைச் சீர்செய்யும் கதையை, போன மாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வண்டி 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. சில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி), தரைத்தகடு, கதவு எல்லாம் முடிந்து இப்போது பானெட்டில் நிற்கிறேன். இந்த வண்டியில் பானெட் என்றால் எஞ்சினுக்கு மேல் இருக்கும் மூடி மட்டும் இல்லை. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் ஒரே உடம்பாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்துவிட்டால் எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

எங்கள் பெரியப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இப்படித்தான் திறக்கும், சின்ன வயதில் அதைப் பார்க்கவே அவர் வீட்டு வாசலில் நிற்போம். மெட்ராஸில் செய்த அந்த ஹெரால்டும் கவென்ட்ரியில் செய்த இந்த ஸ்பிட்ஃபயரும் உறவுக்காரர்கள். ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள், இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இங்கே இங்கிலாந்துக்கு வந்தபிறகு இந்த வண்டியைத் தேடி வாங்கியதற்கு அந்த வாசல்தான் காரணம்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். மூடினால் பானெட்டின் பின்விளிம்பு மேலேயும் இரண்டு பக்கமும் பல்க்ஹெட்டோடு (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்போடு) ஒத்துப்போக வேண்டும். வலதுபக்கம் மேலிருந்து கீழ்வரை இடைவெளி 5 மி.மீ., குறை சொல்ல முடியாது. இடதுபக்கம் மேலே 5, கீழே 10. அது போதாதென்று இடது மேல்மூலை பல்க்ஹெட்டைவிட 4 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது, விரலை ஓட்டினால் படி மாதிரித் தட்டும். கீலின் போல்ட்டுகளைத் தளர்த்தி ஒரு சனிக்கிழமை முழுக்க முன்னே, பின்னே, மேலே, கீழே என்று நகர்த்தினேன். கீல் மூக்கில் இருக்கிறது, பார்க்க வேண்டிய விளிம்போ நீளமான பானெட்டின் மறுமுனையில் இருக்கிறது, அதனால் அங்கே ஒரு நூல் நகர்ந்தால் இங்கே கணக்கே மாறிவிடும், இடதை இறக்கினால் நன்றாக இருந்த வலது கெட்டுப்போகும். சாயங்காலம் விளிம்பில் ஒரு பட்டையை வெல்ட் வைத்து இடைவெளியை அடைத்துவிடலாம் என்ற முடிவுக்கே வந்து, தகடும் வெட்டி வைத்துவிட்டேன்.

நல்லவேளை வைக்கவில்லை. மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, பல்க்ஹெட் சேஸியில் உட்காரும் இடத்தில் வலதுபக்கம் மூன்று வாஷர், இடதுபக்கம் துருப்பிடித்த ஒன்றே ஒன்று. பானெட் தூக்கி நிற்கவில்லை, பல்க்ஹெட்தான் இறங்கி இருந்திருக்கிறது! போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கியில் மரக்கட்டை வைத்து மெதுவாக ஏற்றி இரண்டு வாஷர் சேர்த்தேன். அந்த 4 மி.மீ. படி காணாமல் போனது, கதவுக்கு மேல்பக்கம் இருந்த சின்னக் கோணலும் நேரானது. பானெட்டை வெட்டுவதற்கோ ஒட்டுவதற்கோ முன்னால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

மிச்சமிருந்தது கீழே அந்த 10. காந்தத்தை வைத்தேன், ஒட்டவே இல்லை. மேலே பூசியிருந்த பட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) சுரண்ட ஆரம்பித்தால் சில இடங்களில் சுண்டுவிரல் கனத்துக்கு வருகிறது. அடியில் யாரோ எப்போதோ துருவை வெட்டாமலே மேலே ஒரு தகட்டை ஏற்றி வெல்ட் வைத்திருக்கிறார்கள், அந்தத் தகடு குட்டை. முழுவதையும் வெட்டி எடுத்தேன். வலதுபக்க மூலையில் அட்டை வைத்து வரைந்து, அதைத் திருப்பிப் போட்டு, 0.9 மி.மீ. தகட்டில் புதுத் துண்டு வெட்டினேன். வளைவான விளிம்பை உள்பக்கம் மடிப்பதுதான் சிரமம், ஒரே அடியில் மடித்தால் சுருங்கிச் சுருங்கிப் பூரி மாதிரி உப்பும். கெட்டியான மரத்தில் அந்த வளைவை இழைத்து, அதன்மேல் தகட்டை இறுக்கிப் பிடித்து, நான்கைந்து சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்தேன். முதல் துண்டு வீண், இரண்டாவது உட்கார்ந்தது. பழைய தகட்டோடு முனைக்கு முனை சேர்த்து, ஓரங்குலத்துக்கு ஒரு பொட்டாக வெல்ட், ஒரு பொட்டு இந்த முனையில் என்றால் அடுத்தது அந்த முனையில், நடுவில் ஆறவிட்டு.

ஆனாலும் அதற்கு மேலே, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி கட்டைவிரலால் அமுக்கினால் ‘டப்’ என்று உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. தகடு நீண்டுபோய்விட்டது என்று அர்த்தம், பழைய ரிப்பேரில் அடித்த அடி. ஊரில் டிங்கர் கடைகளில் பார்த்த அதே வைத்தியம்தான்: மேடான இடத்தில் சுண்டைக்காய் அளவு மட்டும் சிவக்கச் சூடாக்கி, அடியில் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டியை) பிடித்து சுற்றிலும் லேசாகத் தட்டி, ஈரத்துணியை வைத்து அணைப்பது. டாலி சுத்தியலுக்கு நேராக இருந்தால் கணீரென்று கேட்கும், விலகியிருந்தால் சத்தம் மொத்தையாக இருக்கும். கணீரென்று அடிக்க அடிக்கத் தகடு இன்னும் நீளும், அதனால் இந்த வேலைக்கு மொத்தைச் சத்தம்தான் வேண்டும். ஆறு பொட்டு வைத்தேன். ஆறாவதுக்கு அப்புறம் அமுக்கினால் அசையவில்லை. கையில் பருத்தித் துணியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரிகிறது.

ஃபைபர் பானெட் விற்கிறார்கள், எடையும் குறைவு, துருவும் பிடிக்காது. அதை வாங்கச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். இந்தத் தகடு 1968-இல் இந்த வண்டியோடு வந்தது, நல்ல இரும்பு இன்னும் முக்கால்வாசி இருக்கிறது, எனக்கு மனசு வரவில்லை.

நேற்று தம்பி வந்தான். பானெட்டை ஒருவனாகத் தூக்க முடியாது. “அண்ணா, உன் பக்கம் முதலில் இறக்கு” என்றான், இறக்கினோம். கீலை இறுக்கி, பல்க்ஹெட் மேல் பானெட் வந்து உட்காரும் ரப்பர்களை அரைச்சுற்று திருகி, மூடினேன். இடதுபக்கம் மேலே 5, நடுவில் 5, கீழே 4½. இரண்டு பக்கக் கொக்கியும் முட்டிக்காலால் அழுத்தாமலே விழுந்தன. ப்ரைமர் அடுத்த வாரம், மழை விட்டால்.