கூண்டுக் கதவு திறந்த மறுநாள்

சிங்கத்தை மீட்டார்கள் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது கூண்டுக் கதவு திறக்கும் அந்த நிமிடம்தான். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் சரணாலயத்தில் பராமரிப்பாளர் வேலை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. மனிதர் பராமரிப்பில் ஒரு சிங்கம் இருபது வருடம் வரைகூட வாழும். நடுவயதில் வந்து சேரும் சிங்கத்துக்கு இன்னும் பத்து வருடச் சாப்பாடு, மருந்து, பல் வைத்தியம், வேலிச் செலவு எல்லாம் அன்றைக்கே நம் பொறுப்பு.

நாங்கள் 'பாட்டி' என்று கூப்பிடும் பெண் சிங்கம் சர்க்கஸ் வண்டியிலிருந்து வந்தது. முன்கால்களில் நகம் கிடையாது. நகம் எடுப்பது நாம் நகம் வெட்டிக்கொள்வது போலல்ல; விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்தக் காலை ஊன்றப் பயந்து பயந்து நடந்ததில் மூட்டுகள் கெட்டுப்போயிருந்தன. பல வருடம் எலும்பில்லாத கறியே தின்றதால் கால்சியம் இல்லாமல் எலும்புகளும் மெலிந்திருந்தன.

வந்த புதிதில் அவ்வளவு பெரிய புல்வெளி எதிரே கிடக்க, பாட்டி அறை வாசலை ஒட்டி ஏழு காலடி எடுத்து வைப்பாள், திரும்புவாள். மறுபடி ஏழு காலடி. பழைய கூண்டின் நீளம் அது. நாங்கள் விரட்டவில்லை. கதவைத் திறந்து வைத்து, கறியைத் தினமும் ஒரு முழம் தள்ளி வைத்தோம். நான்காவது வாரம் ஒரு காலைப் புல்லில் வைத்தாள். உடனே எடுத்து, தண்ணீரில் மிதித்த பூனை மாதிரி உதறினாள். அப்புறம் மறுபடி வைத்தாள்.

"காட்டில் விட்டுவிடலாமே?" என்று பார்க்க வருபவர்கள் கேட்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் குட்டிகள் தாயோடும் கூட்டத்தோடும் சுமார் இரண்டு வருடம் இருந்துதான் வேட்டை பழகுகின்றன. கூண்டில் பிறந்தவளுக்கு அது கிடைக்கவில்லை. மனிதரிடம் பயமும் போய்விட்டது. காட்டில் விட்டால் பட்டினி கிடப்பாள், இல்லையென்றால் ஊருக்குள் வந்து அடிபட்டுச் சாவாள்.

அதனால்தான் சர்க்கஸில் விலங்குகளுக்குத் தடை வந்தது என்று எங்கே படித்தாலும், சரி, அடுத்து இவை எங்கே போகும் என்றுதான் முதலில் தோன்றும். பொலிவியா 2009இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2011இல் 25 சிங்கங்களை அமெரிக்காவின் கொலராடோவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். 2016இல் பெருவிலும் கொலம்பியாவிலும் மீட்ட 33 சிங்கங்கள் ஒரே விமானத்தில் தென்னாப்பிரிக்கா போயின. பல சிங்கங்களுக்கு நகமில்லை, பற்கள் உடைந்திருந்தன. படம் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த கவலை, அத்தனை வாய்க்கும் தினம் கறி எங்கிருந்து வரும் என்பதுதான்.

இங்கே குட்டி பிறக்க விடுவதில்லை. பிறந்தால் அதுவும் ஆயுள் முழுக்க வேலிக்குள்தானே? ஆண் சிங்கத்துக்கு விதை நீக்கினால் பிடரி உதிர்ந்துவிடும் என்பதால் விந்துக் குழாயை மட்டும் கட்டிவிடுகிறோம். குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கக் காசு வாங்கும் இடம் என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் அது சரணாலயம் இல்லை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாங்களும் தொடுவதில்லை. சிங்கம் இருக்கும் பக்கம் ஆள் இறங்குவதே கிடையாது. சிங்கம் பக்கத்து அறைக்குப் போனதும் ஒருவர் நடுக்கதவின் தாழ்ப்பாளைப் பூட்டி "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் இழுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போய்க் கூட்டுவோம். ரத்தம் எடுக்கக்கூட மயக்க ஊசி போடுவதில்லை. கம்பி ஓரமாக வந்து படுக்கப் பழக்கியிருக்கிறோம், வாலிலிருந்து எடுப்போம். பிடிக்காவிட்டால் பாட்டி எழுந்து போய்விடுவாள். அன்றைக்கு ஊசியும் கிடையாது, கோபமும் கிடையாது. வாழ்நாள் முழுக்க 'மாட்டேன்' என்று சொல்ல முடியாதவளுக்கு எங்களால் தர முடிந்ததில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது பின்காலும் வலிக்கிறது. மூட்டுவலி மாத்திரையைக் கறிக்குள் வைத்துக் கொடுக்கிறோம். அவளுக்குப் பிடித்த மேடைக்கு ஏற ஒரு சாய்வுப் பலகை போட்டோம். ஏறவில்லை. சாய்வைக் குறைத்தோம், வைக்கோல் பரப்பினோம், நான்கு முறை பிரித்துக் கட்டினோம். நாங்கள் நிற்கும்போது அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன வாரம் பனி இறங்கிய காலையில் வேலியோரம் நின்று பார்த்தேன். பலகையில் ஈரக் கால்தடங்கள் மேலேறிப் போயிருந்தன. மேடையில் பாட்டி மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கறி வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அடுத்த அடைப்புக்குப் போனேன்.