ஐவர்மெக்டின் கேட்டுச்சான்னு கேக்கறவங்களுக்கு

நான் என் சோர்வு நோய்க்கு ஐவர்மெக்டின்னு ஒரு புழு மருந்து சாப்ட்டேன்னு தெரிஞ்சதுலேர்ந்து பாக்கறவங்க எல்லாம் ஒரே கேள்விதான், கேட்டுச்சா கேக்கலையா. தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல எங்க தெருவுல ஆரம்பிச்சு, கோயில் ஹால்ல, ஊர்லேர்ந்து அண்ணி போன்ல வரைக்கும். ஆமான்னு சொன்னா நாளைக்கே நாலு பேர் வாங்கி முழுங்குவாங்க, இல்லன்னா "அப்ப நீ நல்லாத்தானே நடமாடிட்டு இருந்தே"ம்பாங்க. அதான் கொஞ்சம் விவரமாவே எழுதிடலாம்னு.

எனக்கு இருக்கறது எம்இ சிஎஃப்எஸ்னு சொல்ற நாள்பட்ட சோர்வு நோய். கொரோனா ரெண்டாவது அலையில படுத்தேன், காய்ச்சல் போச்சு, உடம்பு திரும்பி வரலை. சோர்வுன்னு சொன்னா எல்லாரும் "எனக்கும்தான் டயர்டா இருக்கு"ன்றாங்க. இது அது இல்லங்க, இன்னைக்கு துணி துவைச்சு காயப் போட்டேன்னா நாளைக்கோ மறுநாளோதான் அடி விழும், அப்ப தலை தூக்க முடியாது, வெளிச்சம் ஆகாது, பேசற வார்த்தை பாதியில மறந்துடும். தூங்கி எழுந்தாலும் தீராது. இந்த நோய்க்குன்னு அங்கீகாரம் வாங்கின மாத்திரை உலகத்துல ஒண்ணு கூட கிடையாது. அதனாலதான் நாங்க எல்லாம் வேற நோய்க்கு வந்த மருந்துகளைத் தேடிப் போறோம்.

ஐவர்மெக்டின் ஒண்ணும் கள்ள மருந்து இல்ல. அதைக் கண்டுபிடிச்ச ஒமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015ல நோபல் குடுத்தாங்க, ஆப்பிரிக்காவுல ஆத்தோரத்து ஜனங்களோட கண்ணைப் பறிச்ச புழு நோய்க்கு 1987லேர்ந்து கம்பெனிக்காரனே இலவசமா குடுத்துட்டு வர்றான். தென்னாப்பிரிக்காவுல இது கோர்ட் வரைக்கும் போன சமாச்சாரம், கொரோனாவுக்குக் குடுக்கலாமா கூடாதான்னு 2021ல பிரிட்டோரியா ஹைகோர்ட்ல கேஸ் நடந்துச்சு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கருணை அடிப்படையில டாக்டர் கேட்டா குடுக்கலாம்னு ஒரு திட்டம் வச்சு 2022 மே மாசம் அதையும் மூடிட்டாங்க. இதுக்கு நடுவுல பிரேசில்ல 1358 பேரை வச்சு நடந்த பெரிய சோதனையோட முடிவு வந்துச்சு, கொரோனாவுக்கு இதனால பிரயோஜனம் இல்லன்னு. ஆனா அதுக்குள்ள ஜனங்க மனசுல "நம்மகிட்டேர்ந்து ஒளிச்சு வைக்கிறாங்க"ன்னு பதிஞ்சு போச்சு.

எங்க வீட்டுக்காரரோட சிநேகிதர் ஒருத்தர் மிட்லாண்ட்ஸ் பக்கம் மாடு வச்சிருக்கார், "மாட்டுக்குப் போடறதே இருக்கு, ரெண்டு சொட்டு ஜூஸ்ல விட்டுக் குடிங்க சிஸ்டர்"னார். அந்த ஊசி மருந்துல 1 மில்லியில 10 மில்லிகிராம் இருக்கும், 50 கிலோ எடைக்கு 1 மில்லின்னு மாட்டுக்குக் கணக்கு, கை கொஞ்சம் தவறினா என்ன ஆகும்! ஓவரா போனா மூளையைப் பாதிக்கும், தள்ளாடும், வலிப்பு வரும். வேணாம்னுட்டு டாக்டர்கிட்டயே போனேன்.

டாக்டர் உடனே எழுதித் தரலை, அதுக்காகவே அவங்களை எனக்குப் பிடிக்கும். முதல்ல கேட்டது, சின்ன வயசுல வெறுங்காலோட நடந்து வளர்ந்தீங்களா. பின்ன, தஞ்சாவூர்ப் பக்கம் வயக்காடுதானே நம்ம விளையாட்டு மைதானம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு இருக்காம், காலு தோல் வழியா ஏறி, உள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகி பத்து இருபது வருஷம் கூட சத்தமில்லாம குடி இருக்குமாம், அதுக்கு இந்த மருந்துதான் சரியான வைத்தியம். அப்புறம் காங்கோ, கேமரூன் பக்கம் இருந்திருக்கீங்களான்னாங்க. அங்க லோவா லோவான்னு வேறொரு புழு, அது ரத்தத்துல நிறைய இருக்கறவங்க இதைச் சாப்ட்டா மூளை வரைக்கும் ஆபத்தாயிடும். ரத்தம், மலம் எல்லாம் பாத்தாச்சு. புழு இல்ல. நிஜமா சொல்றேன், கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, புழுன்னா கொன்னுட்டு எந்திரிச்சிடலாமே.

"உங்க நோய்க்கு இது வேலை செய்யும்னு எந்த ஆதாரமும் இல்ல, குறைஞ்ச அளவுல கொஞ்ச நாள் பாப்போம், நான் சொல்றப்ப நிறுத்தணும்"னு ஸ்கிரிப்ட் குடுத்தாங்க. கெமிஸ்ட் கலந்து காப்ஸ்யூலா பண்ணிக் குடுத்தார். மெடிக்கல் எய்ட்னு நாங்க கட்டற மருத்துவ இன்ஷூரன்ஸ் ஒரு ராண்ட் கூட தரலை.

ஆரம்பிச்சது டிசம்பர்ல. முதல்ல லேசா தலைசுத்தல், வயித்தைப் பொரட்டல், அவ்வளவுதான். அப்புறம் பாத்தா, உடம்பு தேறுது! சமையல்கட்டுல நின்னு சாம்பார் வச்சேன், அத்தை கன்னத்தைத் தொட்டு திருஷ்டி கழிச்சாங்க. ஜனவரியில பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறந்துச்சு, விடிகாலை எந்திரிச்சு லஞ்ச் கட்டற வேலை, பின்னாடியே தைப்பூசம், டர்பன் ஜனவரி வெயிலும் புழுக்கமும் தெரியும்ல, அதுல பால்குடம் எடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு படுத்தவதான், மார்ச் வரைக்கும் படுக்கைதான். இத்தனைக்கும் காப்ஸ்யூல் ஒண்ணு கூட விடலை.

அப்பதான் உடம்பு எப்படி இருக்குன்னு எழுதி வச்ச நோட்டை எடுத்துப் பாத்தேன். நான் தேறினது முழுக்க ஸ்கூல் லீவுல, சமையலும் மத்த வேலையும் வீட்டுக்காரர் பாத்துக்கிட்டப்ப. மருந்து தொடங்கினதோ நான் ரொம்ப மோசமா கிடந்தப்ப, யாருமே நல்லா இருக்கறப்ப புது மருந்து தேட மாட்டாங்களே, அடி மட்டத்துல தொடங்கினா அடுத்து கொஞ்சமாவது மேலதானே வரணும், இந்த நோயே கடல் மாதிரி ஏறி இறங்கற ஜாதி.

நார்வேக்காரங்க கதை படிச்சப்பதான் இது எனக்கு நல்லா உறைச்சுச்சு. ரிடுக்ஸிமாப்னு ஒரு கேன்சர் மருந்து இந்த நோய்க்குக் கேக்குதுன்னு சின்னச் சின்ன சோதனையில தெரிஞ்சு உலகமே எதிர்பாத்துக்கிட்டு இருந்தது. 151 பேரை வச்சு முறையா பண்ணி 2019ல வெளியிட்டாங்க. மருந்து ஏத்தினவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு தேறுச்சு. வெறும் சலைன் ஏத்தினவங்கள்ல 35 சதவீதம்! அந்த 35ல ஒருத்தரைப் போய்க் கேட்டிருந்தா சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பார், இந்த மருந்துதான் என்னை எழுப்புச்சுன்னு. டிசம்பர்ல என்னைக் கேட்டிருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால கேட்டுச்சான்னா, என் ஒருத்தி உடம்பை வச்சு அதைச் சொல்லவே முடியாது, ஜனவரியில நடந்ததைப் பாத்தா கேக்கலைங்கற பக்கம்தான் நான் சாயறேன்.

இப்ப மாத்திரையை நிறுத்தியாச்சு. கையில ஒரு வாட்ச், நாடி ஏறினா உக்காந்துடுவேன், துணி மடிக்கறது கூட உக்காந்துதான். இங்கிலாந்துல இந்த நோய்க்கு 2021ல மாத்தின வைத்திய வழிகாட்டியிலயும் எக்ஸர்சைஸைப் படிப்படியா கூட்டச் சொல்றதை எடுத்துட்டு, உடம்புல இருக்கற தெம்புக்குள்ள நடந்துக்கங்கன்னுதான் சொல்றாங்க.

மிச்சம் கிடந்த காப்ஸ்யூலை பக்கத்து வீட்டு ஆண்ட்டி முட்டிவலிக்குக் கேட்டாங்க. அவங்க ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்க, அது கூட இது சேர்ந்தா ரத்தம் அளவுக்கு மேல நீர்த்துப் போகலாம். தர மாட்டேன்னு சொல்லி கெமிஸ்ட்லயே திருப்பிக் குடுத்துட்டேன். ஆண்ட்டி இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்ல.